விரிசலின் மேல் மூன்று கண்ணாடி

போன வாரம் என் பழைய செக்ஷனிலிருந்து இரண்டு பேர் வீடு தேடி வந்திருந்தார்கள். ஒருவர் இப்போதைய சப் ஓவர்சீயர், மற்றவர் அவருக்குக் கீழே வேலை பழகுகிறவர். யுத்தம் வந்ததிலிருந்து ஆவடிப் பக்கம் ராணுவச் சாமான் ஏற்றிய வண்டிகள் ஓயாமல் ஓடுகின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடம் அதிர்கிறது, ஜன்னல் கதவு கடகடக்கிறது, இடித்துவிடலாம் என்று மேலே பேச்சு அடிபடுகிறது. “நீங்கள் அதில் வேலை பார்த்தவர். கட்டடம் தாங்குமா?” என்று கேட்டார்கள். தாங்கும் என்றேன். எப்படிச் சொல்கிறீர்கள் என்றார்கள். வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன், எழுதித் தருகிறேன் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அதுதான் இது.

அம்பத்தூருக்கும் திருநின்றவூருக்கும் நடுவே உள்ள ஸ்டேஷன்களில் அது ஒன்று. எது என்று எழுத மாட்டேன். வந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. இதில் வரும் ஒருவனுடைய சொந்தக்காரர்கள் இன்றும் அங்கேதான் வண்டி ஏறுகிறார்கள்.

என் பூர்வீகம் கள்ளிக்குப்பம். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். கால் காசு வேலையானாலும் கவர்ன்மெண்டு வேலை என்பார்கள். ரயில்வே கம்பெனி வேலை அதற்கு அடுத்த படி என்று அப்பா நினைத்தார். முதலில் மேஸ்திரிக்குக் கணக்கு எழுதினேன், பிறகு சாந்துக் கூடை தூக்குவதைத் தவிர மற்ற எல்லாம் செய்தேன், பரீட்சை ஒன்று எழுதினேன், சப் ஓவர்சீயர் ஆனேன். இந்த நாலு காரியத்துக்கும் பதினோரு வருஷம் ஆயிற்று. அதில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை.

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் முதன்முதலில் தண்டவாளம் போட்ட காலத்தில் கட்டியது. பெரிதல்ல: டிக்கெட் கொடுக்கும் அறை, ஸ்டேஷன் மாஸ்டர் அறை, ஜனங்கள் உட்காரும் கூடம், விளக்கு அறை, அவ்வளவுதான். ஆனால் சுவர் இரண்டே கால் அடி கனம். அந்தக் காலத்துச் செங்கல் இப்போதைய செங்கல்லில் பாதி உயரம்கூட இருக்காது. தேக்கு உத்தரம் போட்டு, அதன்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். முன்பக்கம் ஐந்து வளைவுகள். சித்திரை வெயிலில் அந்தக் கூடத்துக்குள் போனால் வேட்டியை நனைத்துப் போர்த்திக்கொண்ட மாதிரி இருக்கும். எனக்கு அந்தக் கட்டடத்தைப் பிடிக்கும். கட்டடத்தைப் பிடிப்பது ஓவர்சீயருக்கு நல்லதல்ல என்று பிற்பாடு தெரிந்தது.

யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முன்னால், வடமேற்கு மூலையில் ஒரு விரிசல் கண்டது. கடைசி வளைவின் உச்சியில் கிளம்பி, சாய்வாக ஏறி, கைப்பிடிச் சுவர் வரைக்கும் போயிருந்தது. மேலிடத்தில் சுலபமாக ஒரு முடிவு வைத்திருந்தார்கள். ஆறு மாதம் கவனிப்பது. விரிசல் வளர்ந்தால் கட்டடத்தை இடிப்பது. புதிதாகக் கட்டுவதற்கு இந்த ஊர் வரும்படி போதாது, ஆகையால் ஸ்டேஷனையே எடுத்துவிடுவது. அடுத்த ஸ்டேஷன் மூன்று மைல். சுற்றுவட்டாரத்தில் கீரையும் கத்தரிக்காயும் பயிர் பண்ணுகிற குடித்தனக்காரர்கள் எல்லாரும் விடியற்கால வண்டியில் கூடையை ஏற்றித்தான் பட்டணத்தில் விற்றுவந்தார்கள். தலையில் கூடையோடு மூன்று மைல் நடந்தால் வண்டியும் போய்விடும், கீரையும் வாடிவிடும்.

எனக்கு மேலே ஐ.ஓ.டபிள்யூ., அதாவது கட்டட வேலைகளுக்கு இன்ஸ்பெக்டர், சவரிராயன் என்பவர். பூந்தமல்லிக் கத்தோலிக்கக் குடும்பம். டிராலியில் வருவார். வெள்ளை டிரில் கோட்டு, தலையில் சோலா தொப்பி, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறைக்குள் ஓரடி அளவுகோல். எந்த ஸ்டேஷனிலும் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கோபித்தும் பார்த்ததில்லை. “பார்த்தேன் சார்” என்றால், “அளந்தீரா?” என்பார். “அளந்தேன் சார்” என்றால், “எதை வைத்து?” என்பார். இந்த இரண்டு கேள்விக்குப் பயந்து வேலையை விட்டவர்கள் உண்டு. இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. அறிக்கையில் யார் பேர் வருகிறதோ அவனை எதிரில் நிறுத்தி, எழுதினவனையே உரக்கப் படிக்கச் சொல்வார். படித்து முடித்ததும் அவனைப் பார்த்து, “சரியா?” என்று கேட்பார். சரி என்றால்தான் கையெழுத்து. மூட்டை தூக்குகிறவனானாலும் சரி, ஸ்டேஷன் மாஸ்டரானாலும் சரி. முதுகுக்குப் பின்னால் எழுதுவது கோழைத்தனம் என்பது அவர் கட்சி.

விரிசலைக் கவனிக்கிற முறை இது. விரிசலுக்கு இரண்டு பக்கமும் பூச்சைச் சுரண்டிச் செங்கல் தெரியும்படி செய்ய வேண்டும். தூசி போகக் கழுவ வேண்டும். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்தில் மெல்லிய கண்ணாடி வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு நுனியை மட்டும் சிமெண்டு வைத்து இறுக்க வேண்டும். மேலே நம்பரும் தேதியும் பெயிண்டில் எழுத வேண்டும். சுவர் ஒரு நூல் விலகினாலும் கண்ணாடியின் நடுவில் கீறல் ஓடிவிடும். வாராவாரம் ஏணி வைத்து ஏறி, நகத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மயிர்க்கோடு போல ஓடியிருந்தால் கீழேயிருந்து தெரியாது. ஆக, அந்தக் கண்ணாடி உடைவதற்காக ஒட்டுவது. உடைந்தால் அது தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

ஆவணியில் மூன்று கண்ணாடி ஒட்டினேன். ஏணியைப் பிடித்தவன் அந்த ஸ்டேஷன் போர்ட்டர் முனுசாமி. பக்கத்துக் கிராமத்துக்காரன், முப்பத்தைந்து வயசிருக்கும். விளக்குத் துடைப்பது, மணி அடிப்பது, பெருக்குவது, கூடைக்காரிகளை வரிசையில் நிறுத்துவது எல்லாம் அவன்தான். அவனுடைய அக்கா குப்பம்மாளும் கீரைக்கூடைக்காரிதான்.

“இது இன்னாத்துக்கு சார்?” என்று கேட்டான்.

அன்றைக்கு எனக்கு அவசரம். விளக்கம் சொல்லப் பொறுமையில்லை. “பத்திரமாப் பாத்துக்கடா. இது ஒடஞ்சா உன் ஸ்டேஷன் போச்சு” என்றேன். தமாஷாகத்தான் சொன்னேன்.

கூடையோடு நின்ற குப்பம்மாள் இதைக் கேட்டுவிட்டாள். “நெசமாவா சார் டேசனை எட்த்துடுவாங்க? அப்பால நாங்கோ இன்னா பண்றது? டேய் முனுசாமி, கேட்டுகினியா? அது மேல கல்லு கில்லு படாம பாத்துக்கோ.”

“என் உசுரு கீற வரைக்கும் ஒண்ணும் ஆவாது, போ” என்றான் அவன்.

முதல் ஆறேழு வாரம் சனிக்கிழமை தவறாமல் ஏறிப் பார்த்தேன். ஐப்பசி பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது. நான் வருகிற வண்டி அங்கே எதிர்வண்டிக்காகக் கால் மணி நேரம் நிற்கும். இறங்கி, நடைமேடையில் நின்று, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் மூன்று துண்டும் பளபளவென்று முழுசாக மின்னும். அதே வண்டியில் ஏறிப் போய்விடலாம். ஏணி போட்டு ஏறுவதானால் அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதுவும் வழுக்குகிற ஏணி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் நான் ஏறவில்லை. தை பிறந்து மழை விட்ட பிறகும் ஏறவில்லை. நோட்டுப் புத்தகத்தில் வாராவாரம் ‘சலனமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சோம்பலுக்கு இதைவிட அழகான பேர் நான் கண்டதில்லை.

பங்குனியில் கெடு முடிகிறது. பெரிய துரை வந்து பார்த்து முடிவு சொல்லப்போகிறார் என்று தாக்கீது வந்தது. அதற்கு முன் சவரிராயன் வருவார். அவர் வருகிற அன்று காலையில் முன்னதாகப் போய் ஏணி போட்டு ஏறினேன். முதல் கண்ணாடியை நகத்தால் தொட்டேன். நான் ஒட்டியது படத்துக்குச் சட்டம் போடுகிற மெல்லிய கண்ணாடி. இது கனமாக இருந்தது. நடைமேடை விளக்குக்குப் போடுகிற கண்ணாடி. நம்பரும் தேதியும் இருந்தன. ஆனால் எழுத்துத் தெரியாதவன் கோலம் போடுவது போலப் பார்த்து வரைந்தவை. மூன்றும் அப்படித்தான்.

கீழே இறங்கினேன். முனுசாமி ஏணியை விடாமல் நின்றுகொண்டிருந்தான். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே அவன் முகம் சொல்லிவிட்டது.

“ஒடஞ்சிச்சி சார்” என்றான். “நான் ஒடைக்கல. மாரியாத்தா சத்தியமா நான் ஒடைக்கல. காத்தால வந்து பாக்குறேன், நடுவால கோடு வுட்டுகினு கீது. நீதான் சொன்ன, ஒடஞ்சா டேசன் போச்சின்னு. வெளக்குக் கண்ணாடி ஒண்ணு ஓரம் பேந்தது இருந்திச்சி, அத வெட்டி, பிளாட்பாரம் பூசுன மிச்ச சிமிட்டிய வெச்சி ஒட்டிட்டேன்.”

“மூணுமா?”

“ஒண்ணொண்ணா, சார். மூணு வாட்டி.”

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ‘சலனமில்லை’ என்று ஆறு மாதக் கையெழுத்து என்னுடையது. நான் மட்டும் ஏறியிருந்தால் முதல் சனிக்கிழமையே தெரிந்திருக்கும். வாயை மூடிக்கொண்டிருந்துவிடலாமா என்று நினைத்தேன், அப்படி நினைத்ததை இப்போது மறைப்பதில் லாபமில்லை. மூன்று கண்ணாடியும் முழுசாக இருக்கின்றன, துரை பார்ப்பார், கட்டடம் பிழைக்கும், முனுசாமி பிழைப்பான், நானும் பிழைப்பேன். ஆனால் அடுத்த ஐப்பசியில் அந்த வளைவுக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நிற்கிறவர்கள் கூடைக்காரிகள்.

சவரிராயன் டிராலியிலிருந்து இறங்கியதும் சொன்னேன். கண்ணாடி மாறிய விஷயத்தைச் சொன்னேன். ஏறாத விஷயத்தைச் சொல்லவில்லை.

அவர் முனுசாமியைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார். “உடைஞ்ச துண்டுங்க எங்கே?”

விளக்கு அறைக்குள் ஓடிப் போய் ஒரு துணி முடிச்சோடு வந்தான். ரயில்வேயில் விளக்குக் கண்ணாடி உடைந்தால் உடைந்த துண்டைக் காட்டினால்தான் ஸ்டோரில் புதிது கொடுப்பார்கள். பத்து வருஷப் பழக்கம். எந்தக் கண்ணாடி உடைந்தாலும் எடுத்து வைக்கத்தான் அவனுக்குத் தெரியும். மூன்று ஜோடியையும் தனித்தனியாகத் துணியில் சுற்றியிருந்தான். என் கையெழுத்தில் நம்பர் அப்படியே இருந்தது. சவரிராயன் அவற்றைப் பார்சல் நிறுக்கிற தராசுப் பலகையில் ஒவ்வொன்றாக வைத்துப் பொருத்தினார்.

“ஒண்ணாம் நம்பர் என்னிக்கு உடைஞ்சது?”

“ஏரி ரொம்பி கலங்கல் ஓட ஆரம்பிச்ச அன்னிக்கி, சார். ஊரே வேடிக்க பாக்கப் போயிருந்திச்சி.”

“ரெண்டு?”

“தீபாவளிக்கு மறுநாளு. பட்டாசு வெடிக்க வுடாம ஊத்திச்சே, அந்த மய.”

“மூணு?”

“கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாளு. வெளக்கு எல்லாம் தொடச்சி வெச்சிகினு இருந்தேன், அப்ப பாத்தேன்.”

“அதுக்கப்புறம் நீ ஒட்டினது எதாவது உடைஞ்சதா?”

“இல்ல சார். தை, மாசி, ஒண்ணும் ஆவல.”

சவரிராயன் கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். மூலையில் நாலடி ஆழம் தோண்டினோம். பங்குனி வெயிலில் ஊர் மண்ணெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, அந்தக் குழியில் மட்டும் களிமண் சேறாக இருந்தது. தென்மேற்கு மூலையில் இன்னொரு குழி தோண்டினோம். அங்கே காய்ந்த மண். முதல் குழியை மறுபடி அகலப்படுத்தியபோது, மண்ணுக்குள்ளே கட்டடத்தின் பழைய படிகள் இரண்டும், அழகாக விளிம்பு வைத்த அடித்தளமும் வெளியே வந்தன. மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்குகிற குழாயின் வாயும் அங்கேதான் இருந்தது. விஷயம் விளங்கிவிட்டது. அந்தக் கட்டடம் கட்டிய நாளில் நடைமேடை தாழ்வாக இருந்தது. பிற்பாடு இரண்டு தடவை மண் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். உயர்த்தினவர்கள் படியையும் புதைத்து, குழாயின் வாயையும் புதைத்துவிட்டார்கள். மாடியில் விழுகிற மழை முழுவதும் அந்த ஒரு மூலையின் அஸ்திவாரத்துக்கே போய்க்கொண்டிருந்தது. கட்டடத்தில் ஒரு கோளாறும் இல்லை. தண்ணீருக்கு வழி விட்டால் போதும்.

“மூலையைச் சுத்தி ஒரு கால்வாய். மழைக்கு முந்தி முடிக்கணும்” என்றார் சவரிராயன். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது, நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அங்கேயே அறிக்கை எழுதச் சொன்னார். முனுசாமி பேரைப் போடாமல் எழுதலாமா என்று மெல்லக் கேட்டேன்.

“மழை நாளில் உடைஞ்சது, வெயிலில் உடையலே, இதுதான் நம்ம சாட்சி. எப்ப உடைஞ்சதுன்னு பார்த்தவன் அவன் ஒருத்தன். அவன் பேரை எடுத்துட்டா இது வெறும் உடைஞ்ச கண்ணாடி. துரை குப்பையிலே போடுவார், கட்டடமும் போகும்” என்றார். நியாயம்தான். கடைசி வரியாக, கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, மன்னிக்கலாம் என்று சிபாரிசும் எழுதச் சொன்னார்.

எழுதினேன். முனுசாமியை எதிரில் நிறுத்தி உரக்கப் படிக்கச் சொன்னார். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். ‘ஆவணி முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏணி வைத்து ஏறிப் பரிசோதித்து வந்தேன்’ என்ற வரி வந்தது. நானே எழுதிய வரி. அதையும் படித்துவிட்டேன்.

சவரிராயன் நிறுத்தச் சொன்னார். “வாராவாரம் ஏறினீர். கண்ணாடி மாறினது எப்படித் தெரியாம போச்சு?”

“அச்சு அசலா அதே மாதிரி இருந்தது சார்” என்றேன்.

அவர் முனுசாமி பக்கம் திரும்பினார். “இவர் ஏறினாரா?”

நான் தரையைப் பார்த்தேன். அந்த ஸ்டேஷனில் எனக்கு ஏணி பிடிக்க அவனைத் தவிர வேறு ஆள் கிடையாது.

“ஏறினாரு சார். நான்தான் ஏணி புட்ச்சிகினு இருந்தேன்” என்றான்.

“அறிக்கை சரியா?”

“சரிதாங்க.”

சவரிராயன் கையெழுத்துப் போட்டார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி அவர் கடைசி வரை என்னிடம் பேசவில்லை.

கட்டடத்தை இடிக்க வேண்டாம் என்று உத்தரவு வந்தது. ஸ்டேஷன் தப்பியது. அதோடு கூடவே இன்னொரு உத்தரவும் வந்தது. சிபாரிசு எடுபடவில்லை. கவனமாகப் பரிசோதித்துவந்த ஓவர்சீயரின் கண்ணிலேயே மண்ணைத் தூவும் அளவுக்குச் சாமர்த்தியமாகப் பித்தலாட்டம் செய்தவன் என்று முனுசாமியை வேலையிலிருந்து நீக்கினார்கள். என் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவன் குற்றம் பாதியாகியிருக்கும், மீதிப் பாதி என் தலையில் விழுந்திருக்கும்.

அவன் போர்ட்டர் வில்லையையும் கோட்டையும் கொடுத்துவிட்டுப் போகிற அன்று நான் அந்த ஸ்டேஷனில்தான் இருந்தேன். மூலையில் கால்வாய்க்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஏண்டா அப்படிச் சொன்னே?”

“பின்ன இன்னா சார் சொல்லச் சொல்ற? நெசத்தச் சொன்னா உன்னியும் ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. வேற ஆளு வருவான், அவனுக்கு ஒண்ணும் தெர்யாது, கொயப்புவான். மய வர்றதுக்குள்ள கால்வாய யாரு வெட்றது?”

கயிறு தொய்ந்திருந்தது. அவனே குனிந்து அதை இழுத்து முளையில் கட்டிவிட்டுப் போனான்.

வைகாசிக்குள் கால்வாயை முடித்தேன். புதிதாக மூன்று கண்ணாடி ஒட்டி, அந்த மழைக்காலம் முழுவதும் சனிக்கிழமைதோறும் ஏறித் தொட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் கீறல் ஓடவில்லை. ஆகவே கட்டடம் தாங்கும், வண்டி அதிர்ச்சியைக் கண்டு பயப்பட வேண்டாம். அறிக்கை உங்கள் ஆபீஸில் இருக்கும். அதில் ஏணியைப் பற்றிய வரி பொய். மற்றதெல்லாம் அளந்தது.

நான் முழு சர்வீஸ் முடித்து, மாலை போட்டுக்கொண்டு வீடு வந்தேன். முனுசாமி அக்காவோடு சேர்ந்து கீரை வியாபாரத்துக்குப் போனான். விடியற்கால வண்டிக்கு அந்தக் கூடத்தில் கூடையோடு உட்கார்ந்திருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பத்து வருஷம் அவன் பெருக்கிய கூடம். என்னைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுவான்.